பூர்கெர்க் ஆலயத்தின் வெள்ளைச் சுவர்: ஓர் ஓவிய நகலை இரண்டு முறை வாங்கிய கதை

டச்சு ஓவியர் பீட்டர் சான்ரெடாம் 1644ஆம் ஆண்டில் வரைந்து முடித்த, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துப் பூர்கெர்க் ஆலயத்தின் உட்புறக் காட்சியின் அச்சு நகலை நான் இரண்டு முறை வாங்கினேன். முதல் முறை கேன்வாஸில், இரண்டாம் முறை பருத்தித் தாளில். முதலாவது திரும்பிப் போய்விட்டது. இரண்டாவது எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு மாதமாகத் தொங்குகிறது. விற்ற கடைகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஆலய உட்புறத்தைக் காட்டும் டச்சு ஓவியம் ஒன்றின் நகலை வாங்க நினைப்பவர், எந்தக் கடைக்குப் போனாலும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றைக் கேட்காமல் வாங்கி நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூல ஓவியம் லண்டனில், டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள நேஷனல் கேலரியில் இருக்கிறது. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்ட அந்தப் படத்தின் உயரம் 60.1 செ.மீ., அகலம் 50.1 செ.மீ. அவ்வளவு உயரமான ஆலயத்தைக் காட்டும் படம் சுவர் நிறைய இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போன எனக்கு, அது சமையலறை அலமாரிக் கதவு ஒன்றின் அளவே இருந்தது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. முதல் பார்வைக்கு அதில் எதுவுமே இல்லை என்றுகூடத் தோன்றும். வெள்ளையடித்த தூண்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கிச் செல்லும் வளைவுகள், மங்கிய நிறத்தில் கல் பாவிய தரை, தொலைவில் இரண்டு மூன்று பேராகக் கூடி நின்று பேசிக்கொண்டிருக்கும் சிறு சிறு மனிதர்கள். தூணின் அடிப்பாகத்தின் உயரம்கூட இல்லாத அந்த மனிதர்களைப் பார்த்த பிறகுதான் மேலே எழும் கட்டடத்தின் உயரம் நமக்கு விளங்குகிறது. மனிதர்களை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால் அது ஒரு சாதாரணக் கூடமாகச் சுருங்கிவிடுகிறது.

கீழே வலப்புற மூலைக்கு வந்தால்தான் படம் பேசத் தொடங்குகிறது. அங்கே இரண்டு சிறுவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் தரையில் அமர்ந்து ஒரு நாய்க்குட்டிக்குப் பின்னங்கால்களில் உட்காரப் பழக்கிக்கொண்டிருக்கிறான். மற்றவன் வெள்ளைச் சுவரில் கையை உயர்த்தி ஏதோ கிறுக்குகிறான். அவர்களுக்கு அருகே அந்தச் சுவரில், குழந்தைகள் வரைவதைப் போலவே கோணல்மாணலாக, ஒரே குதிரையின் முதுகில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நான்கு பேரின் படம் இருக்கிறது. சார்லமேன் மன்னனை எதிர்த்து நின்ற நான்கு சகோதரர்களும், நால்வரையும் ஒன்றாகச் சுமந்த அவர்களுடைய மாயக் குதிரையும் அன்றைய நெதர்லாந்தில் பரவலாகத் தெரிந்த கதை. அதைத்தான் யாரோ ஒரு பையன் சுவரில் போட்டிருக்கிறான். அந்தக் கிறுக்கலுக்குக் கீழே, அதே சுவரில், இது உட்ரெக்ட் நகரத்திலுள்ள பூர்கெர்க் என்றும், 1644ஆம் ஆண்டில் இவ்வாறு வரையப்பட்டது என்றும், வரைந்தவர் பீட்டர் சான்ரெடாம் என்றும் சிறிய எழுத்துகளில் எழுதியிருக்கிறது. ஓவியர் தம் கையெழுத்தைச் சட்டத்தின் ஓரத்திலோ கல்லறைக் கல்லிலோ போடவில்லை. ஒரு பொடியனின் கிறுக்கலுக்கு அடியில், அதுவும் தம்முடையதே என்பதுபோலப் போட்டிருக்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, மோசேயின் உருவத்தோடு பத்துக் கட்டளைகளின் பலகை தொங்குகிறது. உட்ரெக்டில் 1580-இல் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டு ஆலயங்கள் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபையின் கைக்கு வந்தபோது, சுரூபங்களும் பீடங்களும் அகற்றப்பட்டு, சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. உருவம் எதையும் உண்டாக்க வேண்டாம் என்ற கட்டளையை அவர்கள் அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டளையின் கீழேயே, அந்தக் கட்டளைக்காக வெள்ளையடித்த சுவரிலேயே ஒரு சிறுவன் படம் போடுகிறான் என்பதும், அதை ஒரு புராட்டஸ்டண்ட் ஓவியர் படமாக்குகிறார் என்பதும் குறும்பா, கண்டனமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. காணொளி அழைப்பில் நகலைக் காட்டியபோது என் அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. “கோயில் சுவத்துல கிறுக்குறான், பெத்தவங்க பக்கத்துல நின்னு பேசிக்கிட்டு இருக்காங்க பாரு,” என்றார். தொலைவில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களை அந்தப் பையனின் பெற்றோர் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆலயத்துக்குள் நாயும் விளையாட்டும் எப்படி என்று கேட்கலாம். ஆராதனை இல்லாத நேரத்தில் டச்சு ஆலயங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தைப் போலத்தான் புழங்கின. மழைக்கு ஒதுங்குவார்கள், வியாபாரம் பேசுவார்கள், உலாவுவார்கள். நாய்களை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த ஆலயங்கள் உண்டு. தரைக்கற்களுக்கு அடியில் இறந்தவர்களைப் புதைத்தார்கள்; அந்த வழக்கம் 1829-இல்தான் நெதர்லாந்தில் நிறுத்தப்பட்டது.

இனி நகலுக்கு வருகிறேன். முதல் கடையின் இணையப் பக்கத்தில் ‘அசல் அளவு’ என்று 60-க்கு 50 செ.மீ. கேன்வாஸ் 58 யூரோவுக்குக் கிடைத்தது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மாட்டுவதற்குக் கொக்கியோடு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆறு நாளில் வந்தது. பெட்டியும் மூலைக்காப்பும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் சுவரில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றபோது, ஆலயம் என் பக்கமாக ஓரடி நெருங்கி வந்துவிட்டதுபோல ஓர் உறுத்தல் இருந்தது. காரணம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. கேன்வாஸ் சட்டத்தின் கனம் 2 செ.மீ.; அந்தப் பக்கவாட்டுப் பரப்பும் வெறுமையாகத் தெரியாமல் இருப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் சட்டத்தைச் சுற்றி மடித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், மூல ஓவியத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 2 செ.மீ. முன்பார்வையிலிருந்து காணாமல் போகிறது. கடற்கரைக் காட்சிக்கோ பூச்சாடிப் படத்துக்கோ இது பெரிய இழப்பன்று. சான்ரெடாமின் படத்திலோ மூலைதான் உயிர். சிறுவர்கள் இருந்த மூலை இறுக்கமாகிவிட்டது. தரையின் முன்வரிசைக் கற்களில் ஒரு பகுதி அடிப்பக்கத்துக்குப் போய்விட்டது. பார்ப்பவருக்கும் அந்த மனிதர்களுக்கும் நடுவில் ஓவியர் விட்டிருந்த வெற்றுத் தரை குறைந்துவிட்டது.

அந்த வெற்றுத் தரை தற்செயலாக அமைந்ததன்று. சான்ரெடாம் வேலை செய்த முறையை அறிந்தவர்களுக்கு ஓர் அங்குலத்தை வெட்டவும் மனம் வராது. 1597-இல் அசன்டெல்ஃப்ட் என்ற ஊரில், செப்புத்தகட்டில் படம் செதுக்கும் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே ஹார்லெம் நகரத்துக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர் அவர். முதுகு வளைந்த உடல். நெதர்லாந்தில் கொள்ளைநோய் பரவியிருந்த 1636ஆம் ஆண்டில், கோடை தொடங்கி ஏறத்தாழ இருபது வாரம் உட்ரெக்டில் தங்கி, ஆலயம் ஆலயமாகப் போய் உட்கார்ந்து வரைந்தார். பூர்கெர்க்கின் உட்புறத்தை வரைந்த தாளில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 என்று நாள் குறித்திருக்கிறார். நேரில் வரைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய், தூண்களையும் வளைவுகளையும் அளவுகளின்படி அளவுகோல் பிடித்து மீண்டும் ஒரு கட்டுமான வரைபடமாக வரைவார், அந்தத் தாளின் பின்புறத்தில் கரி தடவிப் பலகைமேல் வைத்து, கோடுகளை அழுத்தி இறக்குவார், அதன்பிறகே வண்ணம். இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை, நேரில் வரைந்ததற்கும் வண்ணம் தீட்டியதற்கும் நடுவில் எட்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அதே வரைபடத்தின் மற்றொரு பாதியிலிருந்து 1645-இல் இன்னொரு பலகையும் தீட்டினார். அது இப்போது அமெரிக்காவில், ஃபோர்ட் வொர்த் நகரத்துக் கிம்பெல் கலைக்கூடத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் படத்தை நிறுத்துவது என்று எட்டு ஆண்டு யோசித்தவரின் விளிம்பை ஒரு மென்பொருள் நொடியில் மடித்துவிட்டது.

இரண்டாவது குறை நிறம். மூல ஓவியத்தில் வெள்ளை என்று நாம் சொல்லுவது ஒரே வெள்ளையன்று. வெயில் விழும் தூண் லேசாக மஞ்சளோடியிருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது சாம்பல் பூத்திருக்கும். வளைவின் உட்புறத்தில் இளஞ்சிவப்பு இழையோடும். இவை ஒவ்வொன்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகச் சிறியது. அந்தச் சிறிய வேறுபாடுகளால்தான் தூண்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கின்றன. கேன்வாஸ் நகலில் எல்லா வெள்ளையும் தேநீர்க் கறை படிந்த துணிபோல ஒரே பழுப்பாகி, பின்னணித் தூண்கள் முன்னே வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய ஓவியம் என்றால் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்து கூட்டினார்களா, அல்லது அச்சடிக்கக் கையிலிருந்த டிஜிட்டல் படக் கோப்பே அப்படித்தானா என்று கேட்டு எழுதினேன். பதிலில் ‘கலைநயமான பழமைத் தோற்றம்’ என்றிருந்தது. கோப்பின் அளவைக் கேட்டதற்கு, உயரத்தில் 3,000 புள்ளிகள் என்றார்கள். 60 செ.மீ. உயரத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சடிக்க ஏறத்தாழ 7,100 புள்ளிகள் வேண்டும். 3,000 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 127 மட்டுமே. சுவரிலிருந்த கையெழுத்து எறும்பு வரிசையாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் திருப்பி அனுப்பிய அஞ்சல் செலவு என் தலையில் விழுந்தது.

இரண்டாம் முறை, கேட்க வேண்டியதை எல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்டேன். கோப்பு எங்கிருந்து வருகிறது, உயரத்தில் எத்தனை புள்ளி, வெட்டாமல் சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு அச்சடிப்பார்களா, நிறத்தில் தாங்களாக ஏதாவது மாற்றுவார்களா, முழு அச்சுக்கு முன் ஒரு சிறு துண்டை மட்டும் சோதனைக்கு அச்சடித்து அனுப்புவார்களா. இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் எழுதிய ஒரு சிறிய அச்சகம் கிடைத்தது. சோதனைத் துண்டுக்கு 9 யூரோ தனியாக வாங்கினார்கள். எனக்குத் தெரிந்து இந்த வகையில் செலவழிப்பதற்கு அதைவிட நல்ல 9 யூரோ இல்லை. எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்டபோது சிறுவர்கள் இருக்கும் மூலையைக் கேட்டேன். தாளின் எடை சதுர மீட்டருக்கு இவ்வளவு கிராம் என்ற கணக்கெல்லாம் வாங்குபவருக்குப் பெரிதாகப் பயன்படாது. பளபளப்பில்லாத பருத்தித் தாளா, நிறமி மையா என்ற இரண்டைக் கேட்டால் போதும். இரண்டுக்கும் ஆம் என்றார்கள். முழு நகல் 74 யூரோ. சுற்றிலும் 5 செ.மீ. வெள்ளை ஓரத்தோடு, அட்டைக் குழாயில் சுருட்டி வந்தது. இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்த பிறகே தட்டையாயிற்று.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கையெழுத்தின் எழுத்துகள் தனித்தனியாக நிற்கின்றன. குதிரைமேல் இருக்கும் நால்வரையும் எண்ண முடிகிறது. நாய்க்குட்டியின் முன்னங்கால்கள் மடிந்திருப்பது தெரிகிறது. வெள்ளைகள் பிரிந்து நிற்கின்றன. காலை பத்து மணிக்கு எங்கள் முன்னறைச் சன்னல் வழியாக வரும் வடக்கு வெளிச்சத்தில், படத்தின் நடுவிலுள்ள வளைவுக்குப் பின்னால் இன்னும் ஓர் அறை இருப்பதைப் போன்ற ஆழம் கிடைக்கிறது. குறை இல்லாமலில்லை. இளஞ்சிவப்பு, மூல ஓவியத்தில் இருப்பதைவிடச் சற்று தூக்கலாக இருக்கிறது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் அது இன்னும் கூடுகிறது. பலகையின் வழவழப்பான மேற்பரப்பு எந்த அச்சிலும் வராது என்பதும் உண்மை. சான்ரெடாம் வண்ணத்தை அவ்வளவு மெல்லியதாகப் பூசியவர். அந்த மெல்லிய பூச்சின்மேல் விழும் வெளிச்சம் தாளின்மேல் விழும் வெளிச்சத்தைப் போன்றதன்று.

நான் வசிப்பது உட்ரெக்டில் என்பதால் இன்னொரு சோதனையும் செய்து பார்க்க முடிந்தது. பூர்கெர்க் இன்றும் நகரத்தின் நடுவில், 112 மீட்டர் உயர டோம் கோபுரத்திலிருந்து சில நிமிட நடையில் நிற்கிறது. ஆராதனை இப்போது அங்கே இல்லை; 1984 முதல் அது ஸ்பேல்க்ளோக் அருங்காட்சியகம். தாமாகவே இசைக்கும் கடிகாரங்களும், இசைப்பெட்டிகளும், ஒரு காலத்தில் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போன ராட்சத ஆர்கன்களும் அந்த வளைவுகளுக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. நான் போன அன்று ஒரு தெரு ஆர்கன் முழங்கிக்கொண்டிருக்க, நாலைந்து பிள்ளைகள் அதன் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் தூண்களுக்கு அருகே இரண்டு மூன்று பேராக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியில் இருந்த நகலின் படத்தையும் எதிரே இருந்த தூண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், சுவரின் நிறத்தைப் பொறுத்தவரை இரண்டாவது அச்சகத்தார் பொய் சொல்லவில்லை என்பது உறுதியாயிற்று. அளவை ஒப்பிடுவது அவ்வளவு எளிதாக இல்லை. காட்சிப் பொருள்கள் தரையை நிறைத்திருப்பதால் சான்ரெடாம் காட்டிய வெட்டவெளி இப்போது கிடைப்பதில்லை. ஆலயத்தின் பின்பகுதியான பாடகர் மண்டபமும் இல்லை. சான்ரெடாம் வந்தபோதே அது இல்லை; 1586-இல் தெருப் போடுவதற்காக அதை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று கடைகள் நிறைந்த கோர்ஸ்ட்ராட் என்ற தெரு ஓடுகிறது. ‘கோர்’ என்றால் டச்சு மொழியில் பாடகர் மண்டபம்; அந்தத் தெருவின் பெயரிலேயே இடிந்த மண்டபம் இன்னும் இருக்கிறது. இதே ஆலயத்தின் சுவரை ஒட்டிய ஒரு சிற்றறையில் பெர்ட்கன் என்ற பெண் துறவி வெளியே வராமல் 57 ஆண்டுகள் வாழ்ந்து 1514-இல் இறந்தார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். வெள்ளையடிப்பதற்கு முந்தைய பூர்கெர்க் அவருடையது. அந்தக் காலத்தின் ஒரு தடயமும் ஓவியத்தில் இல்லை.

ஆலயத்தில் கூடிய மக்கள்தாம் வேண்டும், வெறும் சுவர் வேண்டாம் என்பவர்களுக்கு இந்த ஓவியம் ஏற்றதன்று; அவர்கள் எமானுவேல் டி விட்டெயின் பக்கம் போவது நல்லது. டெல்ஃப்டிலும் பிறகு ஆம்ஸ்டர்டாமிலும் வாழ்ந்து 1692-இல் இறந்த அவர், பிரசங்கம் நடக்கும் நேரத்து ஆலயத்தையும் பலமுறை வரைந்தார். ஆம்ஸ்டர்டாமின் பழைய ஆலயத்தில் பிரசங்கம் நடப்பதைக் காட்டும் அவருடைய ஓவியம் ஒன்றும் நேஷனல் கேலரியிலேயே இருக்கிறது. சான்ரெடாமிடம் மனிதர்கள் கட்டடத்துக்கு அளவுகோல். டி விட்டெயிடம் கட்டடம் மனிதர்களுக்கு ஒதுங்கும் நிழல். கரிய மேலங்கிகளும், வெயில் வெட்டிப் பாயும் இடங்களும், அதற்குப் பக்கத்திலேயே ஆழ்ந்த இருளும் அவர் படங்களில் நிறைந்திருப்பதால், நகலில் வேறொரு ஆபத்து உண்டு. மலிவான அச்சில் கறுப்பு உடைகள் எல்லாம் ஒன்றாகக் கட்டிப்போய், கூட்டம் மை கொட்டிய தடமாகிவிடும். நண்பர் ஒருவரின் வீட்டில் அப்படி ஒன்று தொங்குகிறது; யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதை அவரே எங்களுக்கு விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. டி விட்டெயை வாங்குபவர்கள் சோதனைத் துண்டுக்கு வெளிச்சமான மூலையைக் கேட்காமல் இருண்ட மூலையைக் கேட்க வேண்டும்.

சட்டம் போடும்போதும் கவனம் தேவை. தங்கப் பூச்சுச் சட்டம் வேண்டாம் என்று கடைக்காரரே தடுத்தார். மெல்லிய, கறுப்பு மரச்சட்டத்தைப் பரிந்துரைத்தார். பழைய டச்சுச் சட்டங்களிலும் கருமையான மரமே மிகுதி என்பதால் அதற்குச் சம்மதித்தேன். சாதாரணக் கண்ணாடி போட்டால் இந்தப் படம் கெட்டுப்போகும். அத்தனை வெள்ளைப் பரப்பிலும் எதிர்ச் சன்னல் அப்படியே பிரதிபலிக்கும். பிரதிபலிக்காத கண்ணாடிக்குச் சட்டத்தின் விலையைப் போல் இன்னொரு மடங்கு கொடுத்தேன். நகலுக்குச் செலவானதைவிட அதைச் சுவரில் ஏற்றுவதற்குச் செலவானது அதிகம் என்பதை வாங்குபவர்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டும் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன்: சிறுவர்கள் இருக்கும் மூலை, நின்று பார்ப்பவரின் மார்பு உயரத்துக்கு மேலே போகக் கூடாது. முதலில் சோபாவுக்கு மேலே உயர்த்தி மாட்டியிருந்தோம். கிறுக்கல் யார் கண்ணிலும் படவில்லை. ஓர் அடி கீழே இறக்கிய அன்று, வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பெண் நேராக அந்த மூலைக்குப் போய் நின்று, குதிரைமேல் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.